பென் டிரைவுக்கு ஒரு பூட்டு

நமது சங்கத்தில் ஞாயிறுதோறும் நடந்துவரும் கணிப்பொறி வகுப்புக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் பள்ளிப் பிள்ளைகள். மீதிப்பேர் அவர்களைக் கொண்டுவந்து விடுகிற பெற்றோர்களும் தாத்தா பாட்டிகளும். பிள்ளைகள் கேட்கும் கேள்விகளைவிடப் பெரியவர்கள் கேட்கும் கேள்வியே எனக்குக் கனமாகப் படுகிறது. "சார், இந்தப் பென் டிரைவ்ல இருக்கிறத யாரும் மாத்தாம, அழிக்காம வைக்க முடியுமா?" என்பதே அந்தக் கேள்வி. முடியும். எந்த அளவுக்கு முடியும், எந்த இடத்தில் முடியாது என்பதை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

இந்தக் கேள்வி நம் தங்கவயலில் ஏன் இவ்வளவு அடிக்கடி எழுகிறது என்பதை நம்மவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1880ல் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கே சுரங்க வேலையைக் கையில் எடுத்த பிறகு வடஆற்காடு போன்ற மாவட்டங்களிலிருந்து வந்த நம் முன்னோர்கள் பெரிய தஸ்தாவேஜுகள் எதையும் வைத்துவிட்டுப் போகவில்லை. ஒரு சர்வீஸ் சர்டிபிகேட், பிராவிடண்டு பண்டுத் தாள்கள், குவார்ட்டர்ஸ் ஒதுக்கீட்டுச் சீட்டு, ஸ்டூடியோவில் நின்று எடுத்த ஒரு படம், இவ்வளவுதான். 28 பிப்ரவரி 2001ல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்ட பிறகு இந்தத் தாள்களின் மதிப்பு பன்மடங்கு கூடிவிட்டது. இன்றைக்கு அவற்றை ஸ்கேன் செய்து பென் டிரைவில் போட்டு, பெங்களூரில் இருக்கும் மகனுக்கு ஒன்று, வீட்டு அலமாரியில் ஒன்று என்று வைத்திருக்கிறார்கள். ஒரு சிறு தகவல்: பென் டிரைவ் என்ற பொருள் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது 2000ஆம் ஆண்டில், சிங்கப்பூரைச் சேர்ந்த டிரெக் நிறுவனத்தின் கைவரிசையாக. நம் சுரங்கம் மூடுவதற்கு ஓராண்டுக்கு முன்புதான்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை நீக்கிக்கொள்வோம். "நான் திறந்து பார்த்தேன், அவ்வளவுதான், ஒன்றும் செய்யவில்லை" என்று நாம் சொல்கிறோம். கணிப்பொறி அப்படி இருப்பதில்லை. விண்டோஸ் இயங்கும் கணிப்பொறியில் ஒரு பென் டிரைவைச் செருகினாலே அது தன் பங்குக்குச் சிலவற்றை எழுதிவைக்கும். 'சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்' என்ற பெயரில் ஒரு மறைவான அடைவு நீங்கள் உருவாக்காமலே உங்கள் டிரைவில் இருப்பதைச் சிலர் கவனித்திருக்கலாம். அது கணிப்பொறி எழுதியது. ஒரு கோப்பைத் திறந்து பார்த்து, மூடும்போது தெரியாமல் 'சேவ்' கொடுத்துவிட்டால் அதன் தேதி மாறிவிடும். ஆகவே படிப்பது வேறு, எழுதுவது வேறு என்பது நம் மனத்தில் இருக்கும் கோடு. கணிப்பொறிக்கு அந்தக் கோட்டை நாம்தான் போட்டுக் கொடுக்க வேண்டும். அதைத்தான் எழுத்துத் தடை என்கிறோம்.

இது புதிய யோசனையும் அல்ல. பாட்டுக் கேசட்டின் மேல்விளிம்பில் இரண்டு சிறு பிளாஸ்டிக் துண்டுகள் இருக்குமே, அவற்றை உடைத்துவிட்டால் அதன்மேல் மறுபடி பதிவு செய்ய முடியாது. ஐந்தேகால் அங்குல பிளாப்பியில் பக்கவாட்டில் இருந்த வெட்டை ஒட்டுத்தாளால் மூடினால் எழுத முடியாது. மூன்றரை அங்குல பிளாப்பியில் ஒரு சிறு தள்ளுகட்டை இருந்தது. இவை எல்லாம் பொருளோடு கூடவே போகும் பூட்டுகள். எந்தக் கடைக்கு எடுத்துப் போனாலும் பூட்டு கூட வந்தது. இன்று நாம் வாங்கும் பென் டிரைவ்களில் பெரும்பாலானவற்றில் அந்தக் கட்டை கிடையாது. பொத்தான் வைத்த டிரைவ்கள் சில உண்டு, தேடித்தான் வாங்க வேண்டும். காமிரா அட்டையின் ஓரத்தில் இருக்கும் கட்டையை நம்பிவிட வேண்டாம். 'எழுதாதே' என்று அது கருவிக்குச் சைகை மட்டுமே காட்டுகிறது. கருவி மதித்தால் உண்டு.

ஆகவே இப்போது பூட்டு டிரைவில் இல்லை, டிரைவைச் செருகுகிற கணிப்பொறியில் மென்பொருள் வடிவில் இருக்கிறது. இந்த ஒரு வாக்கியத்தை வாசகர்கள் இரண்டுமுறை படிக்க வேண்டும். இதன் பொருள் என்னவென்றால், என் வீட்டுக் கணிப்பொறியில் நான் போட்ட பூட்டு கடைத்தெருவில் என் பென் டிரைவைக் காப்பாற்றாது. கடைக்காரர் தம் கணிப்பொறியில் பூட்டுப் போட்டிருந்தால்தான் என் டிரைவ் அங்கே பத்திரம்.

கடையில் என்ன நடக்கிறது என்பதற்கு நம் வகுப்புக்கு வந்த ஒரு டிரைவே சாட்சி. ஆண்டர்சன்பேட்டைப் பக்கத்திலிருந்து ஓர் அம்மையார் கொண்டுவந்தார். தகப்பனாரின் சர்வீஸ் சர்டிபிகேட், இரண்டு படங்கள், அவர் காலமாவதற்கு முன் சுரங்கத்துக்குள் வேலை செய்த கதையைப் பேரனிடம் சொன்ன ஒலிப்பதிவு, எல்லாம் அதில் இருந்தன. ஒரு தாளை பிரிண்ட் எடுக்கக் கடையில் கொடுத்து வாங்கியிருக்கிறார். வீட்டில் திறந்து பார்த்தால் ஒவ்வொரு அடைவும் ஷார்ட்கட் ஆகிக் கிடக்கிறது. "எங்கப்பா குரலே போயிடுச்சுங்களா?" என்று கேட்டார். போகவில்லை. இந்த வகைக் கிருமிகள் பெரும்பாலும் உண்மையான அடைவுகளை அழிப்பதில்லை. மறைத்து வைத்துவிட்டு, அதே பெயரில் பொய்யான ஷார்ட்கட் ஒன்றை எதிரே வைக்கின்றன. நாம் அதைச் சொடுக்கினால் கிருமி ஓடும், கூடவே நம் அடைவும் திறக்கும், நமக்கு ஒன்றும் தெரியாது. இப்படி நேர்ந்தால் ஷார்ட்கட்டைத் தொடாமல், புதுப்பிக்கப்பட்ட கிருமி நீக்கியால் சோதித்துவிட்டு, எக்ஸ்ப்ளோரரின் 'வியூ' பகுதியில் மறைந்த கோப்புகளைக் காட்டும்படி செய்ய வேண்டும். அப்படியும் தெரியாவிட்டால் 'ஃபோல்டர் ஆப்ஷன்ஸ்' உள்ளே 'பாதுகாக்கப்பட்ட இயங்குதளக் கோப்புகளை மறை' என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். அதன் டிக் அடையாளத்தை எடுத்துவிட வேண்டும். அந்த அம்மையாரின் அடைவுகள் அப்படித்தான் வெளியே வந்தன. ஒலிப்பதிவு முழுதாக இருந்தது.

இந்த டிரைவில் கிருமியை எழுதியது கடையின் கணிப்பொறி. அந்தக் கணிப்பொறியில் எழுத்துத் தடை இருந்திருந்தால், கணிப்பொறிக்கே நோய் இருந்தாலும் டிரைவுக்குத் தொற்றியிருக்காது. எதிர்த்திசையையும் பாருங்கள். நோய் பிடித்த டிரைவ் ஒன்றைத் தடை போட்ட கணிப்பொறியில் செருகினால் கணிப்பொறிக்கு நோய் வருமா? வரலாம்! தடை என்பது கணிப்பொறியிலிருந்து டிரைவுக்குப் போகிற வழியை மட்டுமே அடைக்கிறது. டிரைவிலிருந்து கணிப்பொறிக்கு வருகிற வழி திறந்தே இருக்கிறது. சுரங்கத்திலிருந்து வெளிவரும் தொழிலாளியின் உடலில் தங்கம் இருக்கிறதா என்று வாசலில் சோதித்தார்களே, அது வெளியே போவதைப் பிடிக்க ஏற்பட்ட சோதனை. உள்ளே எது வருகிறது என்பது அந்தக் காவலரின் வேலை இல்லை. இரண்டுக்கும் ஒரே காவல் போதும் என்று நினைப்பவர்களே பிறகு என்னிடம் வந்து, "பூட்டுப் போட்டும் வைரஸ் வந்திருச்சே" என்கிறார்கள்.

வெளியே போவதைத் தடுப்பது, உள்ளே வருவதைத் தடுப்பது என்ற இந்த இரண்டு கவலைகளும் உலக அளவில் பெரிய நிறுவனங்களைப் படுத்தியவைதான். 2008ல் மத்திய கிழக்கில் இருந்த அமெரிக்க ராணுவத் தளம் ஒன்றில் யாரோ ஒரு பென் டிரைவை மடிக்கணிப்பொறியில் செருகியதால் ஒரு கிருமி அவர்களுடைய ரகசிய வலைப்பின்னல் வரை பரவியது. அந்த ஆண்டு நவம்பரில் ராணுவத்தில் பென் டிரைவே கூடாது என்று தடை போட்டார்கள். 2010ல் கண்டுபிடிக்கப்பட்ட ஸ்டக்ஸ்நெட் கிருமி ஈரானின் அணு எரிபொருள் ஆலையைக் குறிவைத்துச் செய்யப்பட்டது. இணையத்தோடு தொடர்பில்லாத இடங்களுக்குள்ளும் பென் டிரைவில் ஏறிப் போகும்படி அதை அமைத்திருந்தார்கள். அது அதிகமாகப் பரவிய நாடுகளின் வரிசையில் ஈரான், இந்தோனேசியாவுக்கு அடுத்து இந்தியா இருந்தது. இவை இரண்டும் உள்ளே வந்தவை. வெளியே போனதற்கு உதாரணம், அதே 2010ல் ஈராக்கில் பணியிலிருந்த ஓர் அமெரிக்க ராணுவ ஊழியர், பாட்டு வட்டு என்று பெயர் எழுதிய குறுந்தகட்டில் ஆயிரக்கணக்கான ரகசியக் கடிதங்களைப் பதிந்து எடுத்துச் சென்றது. அவை விக்கிலீக்ஸ் மூலம் வெளியானதும் அமெரிக்க விமானப்படை தன் ரகசியக் கணிப்பொறிகளில் இப்படிப்பட்ட வட்டுகளையும் டிரைவ்களையும் பயன்படுத்தவே கூடாது என்று அந்த ஆண்டு டிசம்பரில் உத்தரவிட்டது.

நம் தமிழ்நாட்டிலும் ஒரு செய்தி உண்டு. 2019 அக்டோபர் 29ஆம் தேதி, கூடங்குளம் அணுமின் நிலையத்தின் கட்டுப்பாட்டு அமைப்புகள் வெளியுலகத் தொடர்பில்லாமல் தனித்து நிற்பவை, அவற்றில் இணையத் தாக்குதல் சாத்தியமில்லை என்று அங்கிருந்து அறிக்கை வந்தது. மறுநாளே இந்திய அணுமின் கழகம், கிருமி கண்டுபிடிக்கப்பட்டது உண்மை, செப்டம்பர் 4ஆம் தேதியே தகவல் வந்தது, அது நிர்வாக வேலைக்கான, இணையத்தோடு இணைந்த ஒரு கணிப்பொறியில் இருந்தது, முக்கியமான உள்வலைப்பின்னல் அதிலிருந்து பிரிக்கப்பட்டது என்று தெரிவித்தது. இதில் பென் டிரைவ் சம்பந்தப்பட்டதாக நான் சொல்லவில்லை. பிரித்து வைப்பதன் பயனைக் காட்டவே சொன்னேன். ஆனால் பிரித்து வைத்த இரண்டு இடங்களுக்கு நடுவே ஒரு கோப்பைக் கொண்டுபோக வேண்டுமானால் மனிதன் கையில் எடுப்பது பெரும்பாலும் பென் டிரைவைத்தான். அதனால்தான் அந்த இடத்தில் இவ்வளவு கட்டுப்பாடு.

இனி செய்முறைக்கு வருவோம். விண்டோஸ் 'ப்ரோ' பதிப்பு வைத்திருப்பவர்களுக்கு வேலை எளிது. தேடும் பெட்டியில் 'குரூப் பாலிசி' என்று ஆங்கிலத்தில் தட்டினால் 'எடிட் குரூப் பாலிசி' என்று வரும். அதைத் திறந்து, 'கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன்', அதற்குள் 'அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ்', அதற்குள் 'சிஸ்டம்', அதற்குள் 'ரிமூவபிள் ஸ்டோரேஜ் ஆக்ஸஸ்' என்று இறங்குங்கள். வலப்பக்கம் வரும் பட்டியலில் 'ரிமூவபிள் டிஸ்க்ஸ்: டினை ரைட் ஆக்ஸஸ்' என்ற வரியைத் திறந்து 'எனேபிள்ட்' என்று கொடுங்கள். அடுத்த வரியிலேயே 'டினை ரீட் ஆக்ஸஸ்' என்று இருக்கும். அவசரத்தில் அதைத் தொட்டுவிட்டால் டிரைவைப் படிக்கவே முடியாது. பெயரை ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள்.

வீடுகளில் பெரும்பாலும் இருப்பது 'ஹோம்' பதிப்பு. அதில் மேற்சொன்ன வசதி கிடையாது. அங்கே ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் கைவைக்க வேண்டும். இது கணிப்பொறியின் ஜாதகம் எழுதி வைத்த ஏடு என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் 'ஃபைல்' பகுதியில் 'எக்ஸ்போர்ட்' கொடுத்து ஒரு பிரதி எடுத்துக்கொண்டுதான் தொட வேண்டும். 'லோக்கல் மெஷின்' என்று முடியும் தலைப்பின் கீழ் 'சிஸ்டம்', 'கரண்ட் கண்ட்ரோல் செட்', 'கண்ட்ரோல்' என்று வரிசையாகப் போக வேண்டும். அதற்குள் 'ஸ்டோரேஜ் டிவைஸ் பாலிசீஸ்' என்ற பெயரில் புதிய 'கீ' ஒன்றை உருவாக்குங்கள். ஆங்கிலத்தில் மூன்று சொற்களையும் இடைவெளி இல்லாமல் சேர்த்து எழுத வேண்டும். அந்தக் கீயின் உள்ளே 32 பிட் 'டிவேர்ட்' ஒன்றை 'ரைட் ப்ரொடெக்ட்' என்ற பெயரில், இதையும் சேர்த்தே எழுதி, உருவாக்குங்கள். மதிப்பு 1 என்றால் பூட்டு, 0 என்றால் திறப்பு. பிறகு கணிப்பொறியை ஒருமுறை அணைத்துப் போட்டுவிடுங்கள். இந்த வசதி 2004ல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி இரண்டாம் சர்வீஸ் பேக்கிலிருந்து இருந்துவருகிறது. இதே வேலையை ஒரு பொத்தானில் செய்து கொடுக்கும் இலவச மென்பொருள்கள் பல கிடைக்கின்றன. அவற்றில் பல இந்த ஒன்றையும் பூஜ்யத்தையும்தான் மாற்றிக்கொண்டிருக்கின்றன. ஊர் பேர் தெரியாத இடத்திலிருந்து ஒன்றை இறக்கி, அதனோடு வேறெதையும் இறக்கிக்கொள்வதைவிட நாமே செய்துகொள்வது நல்லது.

ராபர்ட்சன்பேட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் இருவரிடம் இதைப்பற்றிப் பேசிப் பார்த்தேன். ஒருவர் அன்றைக்கே போட்டுக்கொண்டார். மற்றவர் நியாயமான ஒரு கேள்வியைக் கேட்டார். "சார், பிரிண்ட் எடுக்க வர்றவங்க பாதி, ஸ்கேன் பண்ணி பென் டிரைவ்ல போட்டுக் குடுங்கன்னு வர்றவங்க பாதி. பூட்டிட்டா அவங்களுக்கு நான் என்ன பண்றது?" அவர் கடையில் இரண்டு கணிப்பொறிகள் இருந்தன. பிரிண்டர் இணைத்த ஒன்றில் மட்டும் பூட்டுப் போட்டு, ஸ்கேனர் இணைத்ததைத் திறந்து வைத்து, அதற்குக் கிருமி நீக்கியை ஒழுங்காகப் புதுப்பித்து வரும்படி ஏற்பாடு செய்தோம். ஒரே கணிப்பொறி இருக்கும் கடைக்கு இந்த வழி ஒத்துவராது. அங்கே போகிறவர்கள்தான் ஜாக்கிரதையாக இருந்துகொள்ள வேண்டும்.

இந்தப் பூட்டைத் திறக்க யாரால் முடியும்? கணிப்பொறியின் 'அட்மினிஸ்ட்ரேட்டர்' அதிகாரம் உள்ள எவராலும் முடியும். பிள்ளைகளும் பெரியவர்களும் ஒரே அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கில் புழங்கும் வீட்டில் இது தாழ்ப்பாள் மாத்திரமே. செல்போனைக் கம்பியால் இணைத்தால் ரெஜிஸ்ட்ரிப் பூட்டு அதைப் பிடிக்காது. விண்டோஸ் அதை டிரைவாகக் கருதாமல் வேறு வகைக் கருவியாகக் கருதுகிறது. குரூப் பாலிசியில் அதற்கென்று 'டபிள்யூ.பி.டி. டிவைசஸ்' என்று தனி வரி இருக்கிறது. 2014ல் ஜெர்மனியைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள், பார்வைக்குப் பென் டிரைவாக இருந்துகொண்டு கணிப்பொறியிடம் தன்னை விசைப்பலகை என்று சொல்லிக்கொள்ளும் கருவியைச் செய்து காட்டினார்கள். அதற்கு எழுத்துத் தடை ஒரு பொருட்டே அல்ல. வழியில் கிடக்கும் பென் டிரைவை எடுத்துச் செருகிப் பார்க்காதீர்கள் என்று நான் வகுப்பில் சொல்வது இதனால்தான். டிரைவில் இடமே இல்லாதபடி ஏதாவது ஒரு பெரிய சினிமாக் கோப்பைப் போட்டு நிரப்பிவிட்டால் கிருமியால் எழுத முடியாது என்று ஒரு கைவைத்தியம் நம் பிள்ளைகளிடையே உலவுகிறது. அழிப்பதும் எழுத்துத்தான். ஒன்றை அழித்துவிட்டு அந்த இடத்தில் எழுத எவ்வளவு நேரமாகும்?

மாரிகுப்பத்திலிருந்து விடியற்காலை ரயிலேறிப் பெங்களூர் அலுவலகங்களுக்குப் போகிற நம் பிள்ளைகளில் பலர், அங்கே தங்கள் மேசையில் பென் டிரைவ் வேலை செய்வதில்லை என்று குறைப்படுகிறார்கள். "எங்களைத் திருடன்னு நினைக்கிறாங்களா மாமா?" என்று ஒரு பெண் கேட்டாள். வாடிக்கையாளரின் விவரங்களைக் காக்கும் பொறுப்பு அந்த நிறுவனத்துக்கு இருக்கிறது, அதனால் தடை தேவைதான். ஆனால் அவள் மனம் புண்பட்டதும் எனக்குப் புரிகிறது. 1930ல் கட்டாயக் கைரேகைப் பதிவை எதிர்த்து இதே தங்கவயலில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அப்படிப்பட்ட ஊர் இது. என் அபிப்பிராயம், தடையை ஏன் போட்டோம் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும், மேலதிகாரியின் கணிப்பொறிக்கும் போட வேண்டும். அவருக்கு மட்டும் விலக்கு என்றால் அது பாதுகாப்பாகவும் இராது, மரியாதையாகவும் இராது.

வழக்கு மன்றத்துக்குப் போகும் டிரைவ்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. குற்ற வழக்கில் கைப்பற்றிய டிரைவைத் தடயவியல் நிபுணர்கள் நேராகச் செருகுவதில்லை. நடுவே எழுத்துத் தடைக் கருவி ஒன்றை வைத்து, முழுப் பிரதி எடுத்து, அந்தப் பிரதியில்தான் ஆராய்கிறார்கள். மென்பொருள் பூட்டை மட்டும் நம்புவதில்லை. மூலமும் பிரதியும் ஒன்றே என்று காட்ட 'ஹாஷ்' என்ற எண்ணைக் கணக்கிடுவார்கள். கோப்பில் ஒரே ஓர் எழுத்து மாறினாலும் இந்த எண் அடியோடு மாறிவிடும். 1 ஜூலை 2024 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி மின்னணு ஆவணத்தோடு தரவேண்டிய சான்றிதழில் இந்த எண்ணையும் குறிப்பிட வேண்டும். சொத்து, குவார்ட்டர்ஸ், ஓய்வூதியம் என்று வழக்கு நடத்துகிறவர்கள், ஒலிப்பதிவோ படமோ இருந்தால் வழக்கறிஞரிடம் காட்டும் வரையில் அந்த டிரைவை வேறு எங்கும் செருகாமல் வைத்திருங்கள்.

வழக்கு இல்லாத வீடுகளுக்கு நான் சொல்வது இதுதான். மூலத் தாள்களின் ஸ்கேன் உள்ள டிரைவ் இரண்டு இருக்கட்டும், இரண்டும் ஒரே வீட்டில் இருக்க வேண்டாம். அவை கடைக்குப் போகக் கூடாது. கடைக்கென்று சிறிய டிரைவ் ஒன்று வாங்கி, அன்றைக்குத் தேவையான ஒரு தாளை மட்டும் அதில் போட்டு எடுத்துப் போங்கள். திரும்பி வந்ததும் கிருமி நீக்கியால் சோதித்து, ஃபார்மட் செய்துவிடுங்கள்.

நமது வகுப்பில் பழைய சுரங்கப் படங்களையும் பெரியவர்களின் பேச்சையும் திரட்டி வருகிறோம் என்பதை வாசகர்கள் அறிவீர்கள். அதற்காக உறுப்பினர்கள் தரும் டிரைவ்களைச் செருகும் கணிப்பொறியில் எழுத்துத் தடை போட்டிருக்கிறோம். வாரந்தோறும் வேலையைத் தொடங்குமுன் பூட்டு விழுந்திருக்கிறதா என்று ஒரு வெற்று டிரைவைச் செருகிப் பார்க்கிறோம். அதில் புதிய அடைவு ஒன்றை உருவாக்க முயல வேண்டும். எழுதத் தடை இருப்பதாகவோ அனுமதி இல்லை என்றோ திரையில் செய்தி வந்தால் பூட்டு விழுந்திருக்கிறது என்று பொருள். சத்தமில்லாமல் அடைவு உருவாகிவிட்டால் பூட்டு விழவில்லை. அப்படியானால் அன்று உறுப்பினர் எவருடைய டிரைவையும் அதில் செருகுவதில்லை. வீட்டில் பூட்டுப் போடுகிறவர்களும் இதே சோதனையைச் செய்துவிட்டு, அதன் பிறகே தாத்தாவின் படம் இருக்கும் டிரைவைக் கையில் எடுங்கள்.